தீராத நோயில் நம்பிக்கை: வார்டில் நாம் என்ன சொல்கிறோம், என்ன செய்கிறோம்?

#1 | செவிலிய ஆசிரியை

இறுதியாண்டு பி.எஸ்சி. நர்சிங் வகுப்புக்கு, தீவிர நோயில் நம்பிக்கை பற்றி ஒரு பாடக்குறிப்பு தயாரிக்கிறேன். புத்தகங்களில் "நோயாளிக்கு நம்பிக்கையூட்டுக" என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வார்டிலோ இரண்டு வாக்கியங்கள்தான் மாறி மாறிக் கேட்கின்றன. "ஒண்ணும் ஆகாது, சரியாயிடும்" என்பது ஒன்று. "இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பது இன்னொன்று. முதலாவது பொய். இரண்டாவதும் பொய்தான், செய்ய நிறைய இருக்கிறது.

நான் வைத்திருக்கும் அடிப்படை இவ்வளவு. 1985இல் கரின் டுஃபால்ட், பெனிட்டா மார்டோக்கியோ என்ற இரண்டு செவிலிய ஆய்வாளர்கள் முதிய புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, நம்பிக்கைக்கு இரண்டு தளம் உண்டு என்று எழுதினார்கள். ஒன்று, குறிப்பிட்ட ஒன்றின் மேல் வைப்பது: கட்டி கரையும், மகள் கல்யாணம் வரை இருப்பேன். மற்றது எதையும் குறிப்பாகச் சாராதது: நாளைக்கும் எனக்கென்று ஏதோ இருக்கிறது என்ற உணர்வு. முதலாவது உடையும் நாளில் இரண்டாவதுதான் ஆளைத் தாங்குகிறது. 1990இல் கேய் ஹெர்த், மரணத்தை நெருங்கிய 30 பேரிடம் பேசி, நம்பிக்கையைக் கெடுப்பவை மூன்று என்று பிரித்தார்: கைவிடப்பட்டுத் தனித்துப் போவது, அடங்காத வலியும் உபாதையும், மனிதராக மதிக்கப்படாமல் போவது.

இதை வகுப்பில் செய்முறையாகச் சொல்லித்தர வேண்டும். சொந்த அனுபவக் கதைகள் என்னிடமே நிறைய உண்டு, அவை வேண்டாம். ஒரு மாணவி மறுநாள் டியூட்டியில் செய்யக்கூடியது எதுவோ அதை எழுதுங்கள்.

#2 | வலிதணிப்புப் பிரிவு

மேடம், ஹெர்த் சொன்ன மூன்றில் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். வலி இருக்கும்போது வேறு எந்தப் பேச்சும் ஏறாது. வலி 10க்கு 8 என்று இருப்பவரிடம் "எதுல நம்பிக்கை வச்சிருக்கீங்க" என்று கேட்டால், "இந்த ராத்திரி விடியணும்" என்றுதான் பதில் வரும்.

மார்ஃபின் எழுதப்பட்ட நோயாளிக்குச் செவிலியர் கையில் இருக்கும் வேலை இது. சாதாரண, உடனே கரையும் மாத்திரையின் வேலை 4 மணி நேரம்தான். ஆகவே காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு, அதிகாலை 2 மணிக்கு எழுப்ப வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு வழக்கமாக 5 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரையில் பாதி. வயதானவர், மெலிந்தவர் என்றால் 2.5 மி.கி. இடையில் வலி வெடித்தால் கொடுப்பதற்கு, ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் ரவுண்ட்ஸிலேயே கேட்டு எழுத வைத்துவிடுங்கள். இரவு 11 மணிக்குத் தேடினால் டாக்டர் கிடைக்கமாட்டார்.

எங்கே கெடுகிறது? மூன்று இடத்தில்.

"வலி வந்தா மட்டும் போடுங்க" என்று சொல்லி அனுப்புவது. அப்படிப் போட்டால் வலி எப்போதும் மருந்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

மலச்சிக்கல். மார்ஃபின் தொடங்கும் அன்றே இரவு மலமிளக்கியான பைசகோடில் 5 மி.கி. இரண்டு மாத்திரை எழுதப்பட்டதா என்று பாருங்கள். குமட்டல் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. அஞ்சாறு நாள் வெளிக்குப் போகாதவர் மார்ஃபினையே நிறுத்திவிடுவார்.

சிறுநீரகம் கெட்டவர்கள். மருந்தின் கழிவு உடம்பிலேயே தங்கும். ஓயாத தூக்கம், கைகால் வெடுக் வெடுக்கென இழுத்தல், உளறல் தெரிந்தால் அடுத்த வேளையை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே போனால் அவசரம்.

"மார்ஃபினா? அப்போ முடிவுக்கு வந்துடுச்சா?" என்று குடும்பம் கேட்கும். அதற்கு, "இது வலி எவ்வளவுன்னு பாத்துக் குடுக்கிற மருந்து. ஆயுசு எவ்வளவுன்னு பாத்து இல்ல. வலி குறைஞ்சா அளவைக் குறைச்சுடலாம்" என்று சொல்லுங்கள்.

#3 | கீமோ டே கேர்

மாணவிகள் அதிகம் பயப்படும் கேள்வி: "சிஸ்டர், நான் பிழைச்சுருவேனா?"

பெரும்பாலும் டாக்டர் இல்லாத நேரத்தில்தான் கேட்பார்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போது, கேனுலா போடும்போது, இரவு விளக்கு அணைத்த பிறகு. அப்போது செய்ய வேண்டியது:

உட்காருங்கள். நின்றுகொண்டு பதில் சொன்னால் ஓடப் பார்க்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஸ்டூல் இல்லையென்றால் கட்டில் விளிம்பில், அனுமதி கேட்டு.

உடனே பதில் சொல்லாதீர்கள். "இன்னிக்கு ஏன் இதைக் கேக்கணும்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். அதன் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. மனசுக்குள் பத்து எண்ணலாம். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இறந்திருப்பார், அல்லது ஸ்கேன் எடுத்தவர் முகத்தைப் பார்த்திருப்பார், அல்லது இரவில் இருமலில் ரத்தம் வந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பார். உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கும்.

அடுத்து: "டாக்டர் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க? நீங்க என்ன புரிஞ்சுகிட்டீங்க?" கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்று 2000இல் வந்த ஸ்பைக்ஸ் என்ற ஆறுபடி முறையிலும், தகவல் சொல்லும் முன் நோயாளிக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்ற இரண்டும் வந்துவிடும்.

நோயின் பெயரையோ கால அளவையோ முதன்முதலாகச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் "எனக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டரைக் கேளுங்க" என்று கதவைச் சாத்துவதும் நம் வேலை இல்லை. "இது முக்கியமான கேள்வி. இதை டாக்டர்கிட்ட நானே இன்னிக்குச் சொல்றேன். அவங்க பேசும்போது உங்க கூட யார் இருக்கணும்?" என்று கேட்கலாம். அதே ஷிஃப்டில் கேஸ் ஷீட்டில் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்: "பிழைச்சுருவேனா என்று கேட்டார். மனைவி உடன் இருக்கும்போது பேச விரும்புகிறார்." 'நோயாளி பதற்றமாக உள்ளார்' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

#4 | ஐசியூ நைட் டியூட்டி

எல்லாம் சரி அக்கா. பொது வார்டில் ஒரு ஆள் நாற்பது பேரைப் பார்க்கும்போது உட்கார்ந்து பத்து எண்ண எங்கே நேரம்?

இன்னொன்றும் உண்டு. மகன் வார்டு வாசலிலேயே மறித்து, "அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சிஸ்டர், தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்" என்கிறார். உள்ளே அப்பா கேட்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நாம்.

#5 | வலிதணிப்புப் பிரிவு

தம்பி, நேரம் பற்றி: தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. டிரெஸ்ஸிங், படுக்கைக் குளியல், வாய் சுத்தம் எல்லாம் எப்படியும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பேச்சு அதற்குள்ளேயே நடக்கட்டும். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காத நிலையில், ஆண்கள் இன்னும் எளிதாகப் பேசுவார்கள்.

மகன் விஷயத்தில் அவரை எதிரியாக்காதீர்கள். பாசத்தில்தான் மறைக்கிறார். முதலில் அதைச் சொல்லுங்கள்: "அப்பா மேல எவ்வளவு அக்கறை இருந்தா இப்படிக் கேப்பீங்க." பிறகு கேளுங்கள்: "அப்பா உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா? அப்போ என்ன சொன்னீங்க?" அடுத்த கேள்விதான் பூட்டைத் திறக்கும்: "இதைத் தனியா தூக்கிட்டு நடக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?" பாதிப் பேர் இந்த இடத்தில் அழுதுவிடுவார்கள். அழட்டும்.

அதற்குப் பின் ஒரு ஒப்பந்தம்: "நானா எதையும் சொல்லமாட்டேன். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு மட்டும் கேக்கிறேன். அவரே கேட்டார்னா பொய் சொல்லமாட்டேன். சரியா?" மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அப்பாவிடம் கேட்கலாம்: "ஐயா, உங்க உடம்பைப் பத்தி விவரமா தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல எல்லாத்தையும் தம்பிகிட்டயே பேசிக்கலாமா?" பல நேரம் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். மகன் தாங்கமாட்டான் என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். கதிர்வீச்சு அறை வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவர்தானே.

இருவரும் மறைத்துக்கொண்டிருக்கும் வரை சொத்துப் பேச்சு, மன்னிப்பு, கடைசி மகளின் படிப்பு எதுவும் பேசப்படாது. ஹெர்த் சொன்ன முதலாவது, அந்தத் தனிமை, வீடு நிறைய ஆள் இருக்கும்போதே வந்துவிடுகிறது.

#6 | மனநலச் செவிலியர்

ஒரு திருத்தம். "தம்பிகிட்டயே பேசிக்குங்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான், மதிக்க வேண்டும். நோயாளியின் உரிமை என்று சொல்லி, கேட்காதவர் காதில் போய் விஷயத்தைப் போடும் ஆட்களும் இருக்கிறார்கள். தெரிந்துகொள்வது உரிமை, கடமை அல்ல. ஆனால் இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டு மூடிவிடாதீர்கள். ஸ்கேன் வந்த பிறகு, மருந்து மாறிய பிறகு, மீண்டும் கேளுங்கள். மனசு மாறும்.

#7 | கிராமச் செவிலியர்

வீடு வீடாகப் போகிறவர்கள் சார்பில் எழுதுகிறேன். 2021 ஆகஸ்ட் 5ல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் பார்ப்பது கூடியிருக்கிறது. வீட்டில் நம்பிக்கை எங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கும் தெரியுமா? சாப்பாட்டிலும் குளுக்கோஸ் பாட்டிலிலும்.

"ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சிஸ்டர், தெம்பு வந்துரும்." கணக்கைச் சொல்லிப் பாருங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூட வராது. கடைசி நாள்களில் சிறுநீரகமும் இதயமும் அந்தத் தண்ணீரை வெளியேற்ற முடியாமல், அது காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கும். தொண்டையில் கரகரப்பு கூடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குடும்பம் இன்னும் பயந்துபோகும்.

ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வரக் கூடாது. பாட்டில் ஏற்றுவது அவர்களுக்கு 'நாம கைவிடலை' என்பதன் அடையாளம். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு வேலை வைக்க வேண்டும். நான் வைப்பது வாய்ப் பராமரிப்பு. அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. சுத்தமான மல் துணியை விரலில் சுற்றி, நனைத்துப் பிழிந்து, கன்னத்தின் உள்புறம், ஈறு, நாக்கின் மேல்பகுதி என்று மெல்லத் துடைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. உதட்டில் வாசலின். (ஆக்ஸிஜன் போட்டிருந்தால் வாசலின் வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல்.) விழுங்க முடிகிறவருக்கு, தலையை உயர்த்தி வைத்து, இளநீரோ மோரோ அரை ஸ்பூன், அவர் கேட்கும்போது மட்டும். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்து, துடைத்தால் சிவந்து ரத்தம் கசிந்தால் அது பூஞ்சை. தேய்க்காதீர்கள், மருந்து தேவை.

மருமகளோ பேத்தியோ அந்தத் துணியைக் கையில் எடுத்தவுடன் வீட்டின் முகமே மாறும். வாய் காய்ந்ததால்தான் தாகம் தெரிகிறது, வாய் ஈரமானால் அவர் முகம் தெளிவதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

"பட்டினி போட்டுக் கொல்றோமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "சாப்பிடாததால போகலை. நோய் முத்தினதால பசி நின்னுடுச்சு" என்று வரிசையை மாற்றிச் சொல்லுங்கள். படுத்தவாக்கில் திணித்தால் புரையேறி, அது நிமோனியாவில் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#8 | செவிலிய ஆசிரியை

இந்த வாய்ப் பராமரிப்பு அப்படியே குறிப்பில் போகிறது. நன்றி.

மாணவிகள் கேட்கும் இன்னொரு கேள்வி: உண்மையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடாதா? ஆயுசு குறையாதா? ஆதாரம் கேட்கிறார்கள்.

#9 | புற்றுநோய் மருத்துவர்

இருக்கிறது.

2007இல் பாஸ்டனில் புற்றுநோய்க் குழந்தைகளின் பெற்றோரிடம் ஜெனிஃபர் மேக் குழுவினர் நடத்திய ஆய்வு. நோயின் போக்கு பற்றி மருத்துவரிடம் அதிகத் தகவல் பெற்ற பெற்றோர், அந்தப் பேச்சிலிருந்து நம்பிக்கை கிடைத்தது என்று சொல்லும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. குணமாகும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்த குழந்தைகளின் பெற்றோரிடமும் அப்படித்தான்.

2010இல் வெளியான ஜெனிஃபர் டெமெல் ஆய்வு: பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, மறுபாதிக்கு அதனுடன் தொடக்கத்திலிருந்தே வலிதணிப்புக் குழுவின் கவனிப்பு. இரண்டாவது பிரிவினருக்கு மனச்சோர்வு குறைவு, கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. அப்படியிருந்தும் வாழ்ந்தது 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். இடைநிலை அளவு இது, அதாவது பாதிப் பேர் இதற்கு மேல் வாழ்ந்தார்கள். தணிப்பு சிகிச்சைக்கு அனுப்புவது கைகழுவுவது என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

மருத்துவர்கள் சொல்லும் கால அளவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு: 2000இல் கிறிஸ்டாகிஸும் லாமண்டும் 468 நோயாளிகளுக்கு 343 மருத்துவர்கள் சொன்ன கணிப்பைச் சரிபார்த்தார்கள். ஏறத்தாழ சரியாகச் சொன்னது 20 சதவீதம். 63 சதவீதம் உண்மையைவிட அதிக ஆயுளைச் சொன்னவை. நோயாளியை நீண்டகாலம் அறிந்த மருத்துவரின் கணிப்பு இன்னும் பிசகியது. ஆகவே "மூணு மாசம்" என்று எண் சொல்லாதீர்கள், எங்களையும் சொல்ல விடாதீர்கள். வேகத்தைப் பாருங்கள்: மாதத்துக்கு மாதம் தளர்கிறார் என்றால் மாதக்கணக்கு, வாரத்துக்கு வாரம் என்றால் வாரக்கணக்கு, தினமும் என்றால் நாள்கணக்கு. அப்படிச் சொன்னால் குடும்பமே பார்த்துப் புரிந்துகொள்ளும். வெளியூரில் இருக்கும் பிள்ளை எப்போது டிக்கெட் எடுப்பது என்பதற்கும் இதுதான் விடை.

#10 | கீமோ டே கேர்

எனக்குப் பாடத்தின் நடுப்பகுதி இதுவாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது: நம்பிக்கைக்கு வேலை செய்வது.

"உங்களுக்கு இப்போ எது முக்கியம்?" என்று கேட்டால் பலரும் "குணமாகணும்" என்பார்கள். மறுக்காதீர்கள். "அது நடக்கணும்னுதான் எங்களுக்கும் ஆசை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மாசத்துக்குள்ள என்ன நடந்தா நல்லா இருக்கும்?" என்று இரண்டாவது தடவை கேளுங்கள். அப்போது வரும்: பேத்தி காதுகுத்துக்குப் போகணும், ஒரு நாளாவது வாந்தி இல்லாமல் ரசம் சாதம் சாப்பிடணும், பேங்க் லாக்கர் சாவி விஷயத்தைப் பெரியவனிடம் சொல்லணும்.

காதுகுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. தள்ளி மண்டபம், விழா ஐந்து வாரம் கழித்து. நோயாளி வாரத்துக்கு வாரம் தளர்கிறார்.

முதல் வேலை, குடும்பத்திடம் தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேட்பது. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். எட்டாத தேதியை நம்ப விட்டுவிட்டு, முந்தின வாரம் முடியாமல் போனால் அந்த ஏமாற்றத்திலிருந்து மீள அவருக்கு நாள் இருக்காது. தேதி மாறாது என்றால், வீட்டிலேயே சின்ன அளவில் முதலில் நடத்தலாமா என்று கேளுங்கள். தாய்மாமன் மடி வீட்டுக் கூடத்திலும் கிடைக்கும்.

போவது உறுதி என்றால்: டாக்டரிடம் பேசி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பொருந்துமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பசியும் தெம்பும் சில வாரம் கூடும். காலையில் ஒரே வேளையாகக் கொடுக்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு கொடுத்தால் தூக்கம் கெடும். சர்க்கரை நோயாளி என்றால் ரத்தச் சர்க்கரை ஏறும், தினமும் பார்க்க வேண்டும். பயண நாளில் கிளம்ப அரை மணி முன்பு இடைவலி மார்ஃபின் ஒரு வேளை. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதன் பையைக் காலி செய்து, குழாயைத் தொடையில் ஒட்டி, பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். முன் சீட்டைச் சாய்த்து முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்குக் கீழ் ஒன்று. மாற்று வேட்டி இரண்டு, பிளாஸ்டிக் விரிப்பு, வாந்திக்கு மூடியுள்ள டப்பா, அடுத்த இரண்டு வேளை மாத்திரை எழுதிய சீட்டோடு. மண்டபத்தில் படுக்க ஒரு அறை. காது குத்தும் நேரத்துக்கு அரை மணி முன் போய், ஒரு மணி நேரத்தில் திரும்புவது. ஃபோட்டோ எடுப்பதை முதலில் முடித்துவிடச் சொல்லுங்கள், களைத்த பிறகு வேண்டாம்.

மறுநாள் அவர் படுத்தேதான் இருப்பார். அதை முன்பே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் "கூட்டிட்டுப் போனதாலதான் மோசமாச்சு" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வார்கள்.

விழா முடிந்த வாரம் பலருக்கு மனம் சரிந்துபோகும். அடுத்து ஒன்று, சின்னதாக, கையில் தயாராக இருக்கட்டும்.

#11 | ஐசியூ நைட் டியூட்டி

அற்புதம் நடக்கும் என்று உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் என்ன சொல்வது? வென்டிலேட்டரில் இருப்பவர் தலைமாட்டில் திருநீறு, வேளாங்கண்ணி எண்ணெய், தாயத்து எல்லாம் ஒன்றாக இருக்கும். இன்னொரு பக்கம், நிலத்தை விற்று எங்கோ ஒரு 'கேன்சர் லேகியம்' வாங்குகிறார்கள்.

#12 | வலிதணிப்புப் பிரிவு

இரண்டும் ஒன்றல்ல தம்பி.

திருநீறும் எண்ணெயும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. நெற்றியில் பூசட்டும், குழாய், ஊசி போட்ட இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். "கடவுள் காப்பாத்துவார்" என்பவரிடம் ஸ்கேன் படத்தை நீட்டாதீர்கள். "நீங்க வேண்டிக்கிறது நடந்தா எங்களுக்கும் சந்தோஷம். ஒருவேளை நாம நினைச்ச மாதிரி போகலைன்னா, ஐயா எங்க இருக்கணும், யார் பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்படுவாங்க?" இரண்டு நினைப்பையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள மனிதர்களால் முடியும். யாராவது அனுமதி கொடுத்தால் போதும்.

லேகிய விஷயத்தில் மௌனம் கூடாது. மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது, மொத்தச் செலவு எவ்வளவு, இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? மூன்றாவதற்கு 'ஆமாம்' என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். திட்டினால் மறைத்து வாங்கிக் கொடுப்பார்கள், கல்லீரல் கெட்ட பிறகுதான் நமக்குத் தெரியவரும். அதனால் கோபப்படாமல் கேளுங்கள். நிலமும் நகையும் போன பிறகு மிஞ்சும் குடும்பத்தின் நாளையும் நம் கணக்கில் இருக்க வேண்டும்.

இதையே நம் ஆஸ்பத்திரிகளுக்கும் கேட்க வேண்டும். பலன் இல்லை என்று தெரிந்தும் முந்தைய மூன்று வகை பலிக்காத பிறகு நான்காவது வரிசை கீமோவை "பாத்துடலாமே" என்று தொடங்கினால், அதுவும் அந்த லேகியம் போலத்தான்.

#13 | மனநலச் செவிலியர்

நம்பிக்கை குறைவதையும் நோயாகிவிட்ட மனச்சோர்வையும் பிரிக்கத் தெரிய வேண்டும். வருத்தத்தில் இருப்பவர் பேரன் வந்தால் முகம் மலர்வார். மனச்சோர்வில் இருப்பவருக்கு எதிலும் ருசி இராது, "நான் எல்லாருக்கும் பாரம்" என்பது திரும்பத் திரும்ப வரும். பசி, தூக்கம், எடை இங்கே துப்பு ஆகாது, புற்றுநோயிலேயே அவை கெடும். இரண்டு கேள்வி கேளுங்கள்: கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனசு கனமாக இருந்ததா? பிடித்த விஷயங்களில் ஆசை விட்டுப்போனதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மனநல மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

"சாகணும் போல இருக்கா, அதுக்கு ஏதாவது யோசிச்சீங்களா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. யோசித்திருக்கிறார் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரை டப்பாவை எடுத்துவையுங்கள், உடனே தெரிவியுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணைக் கொடுங்கள்.

அளவுகோல் பற்றி ஒரு வார்த்தை. ஹெர்த் 1992இல் வெளியிட்ட நம்பிக்கைக் குறியீட்டில் 12 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4. மொத்தம் 12 முதல் 48. மூன்றாவதும் ஆறாவதும் (தனிமை, எதிர்காலப் பயம்) தலைகீழாக எண்ண வேண்டும். ஆய்வேடு செய்யும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள், முடிவே மாறிவிடும்.

#14 | கீமோ டே கேர்

ஆய்வுக்குச் சரி. வார்டில் அந்தத் தாளை நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வலியில் இருப்பவரிடம் "எனக்கு நேர்மறையான பார்வை இருக்கிறது" என்று வாசித்து, ஒன்றா இரண்டா என்று கேட்பது அவமதிப்பு. அதைவிட, 'பெட் 14' என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். ரவுண்ட்ஸில் கடைசிக் கட்டிலைத் தாண்டிப் போகும்போது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் நின்று பெயர் சொல்லிப் பேச வையுங்கள். ஹெர்த்தின் மூன்றாவது காரணத்துக்கு அதுதான் மருந்து.

#15 | மனநலச் செவிலியர்

ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பன்னிரண்டில் ஒன்றிரண்டைப் பேச்சுத் தமிழில் கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதோடு. "ராத்திரியில தனியா இருக்கிற மாதிரி தோணுதா?" என்பது தாள் இல்லாமலே கேட்கக்கூடியது.

#16 | செவிலிய ஆசிரியை

கடைசியாக ஒன்று. குடும்பம் லாமா (மருத்துவர் ஆலோசனையை மீறி வெளியேறுகிறோம் என்ற ஒப்புதல்) எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறது. "வலி தெரியாம வீட்ல போகணும்" என்பதுதான் அவர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரே நம்பிக்கை. விழுங்க முடியாதவருக்கு என்ன அனுப்புவது?

#17 | புற்றுநோய் மருத்துவர்

முதலில், முடிந்தவரை லாமாவாக அனுப்பாதீர்கள். லாமா என்று எழுதியவுடன் மருந்துச் சீட்டு இல்லாமல் அனுப்பிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தணிப்பு சிகிச்சைக்காக வீடு செல்கிறார் என்று முறையான டிஸ்சார்ஜ் சம்மரி கேளுங்கள். நோய், நிலை, இனி சிகிச்சையின் நோக்கம், கொடுக்கும் மருந்து நான்கும் அதில் இருக்கட்டும். வீட்டில் இறந்த பிறகு சான்றிதழுக்கு உள்ளூர் மருத்துவர் கேட்பதும் அதைத்தான். பின்னால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே எழுதும் மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு, 2018 மார்ச் 9 தீர்ப்பில் இருந்த மாஜிஸ்திரேட் நடைமுறையை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தளர்த்தியது: இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். நோயாளி தெளிவாக இருக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும், லாமா நாளில் அல்ல.

மார்ஃபின் இருப்பு: போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற பதிவு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வார்டில் ஒட்டியிருக்க வேண்டும்.

#18 | வலிதணிப்புப் பிரிவு

விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கு அடியில் கொடுக்கலாம். 24 அல்லது 25 கேஜ் பட்டர்ஃப்ளை ஊசி, மேல்கையிலோ காலர் எலும்புக்குக் கீழே நெஞ்சிலோ, வீக்கம் இல்லாத இடமாக, 45 டிகிரி சாய்வில். மேலே ஒளிபுகும் டேப், தேதியும் நேரமும் எழுதி. சிவந்தாலோ கட்டியானாலோ இடத்தை மாற்ற வேண்டும். வாய்வழி அளவில் பாதி முதல் மூன்றில் ஒரு பங்குதான் இந்த வழிக்கு. டாக்டர் எழுதிய அளவைச் சிரிஞ்சுகளில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயர் எழுதிய லேபிள். குடும்பத்தில் ஒருவர் உங்கள் கண்முன் ஒரு தடவை செய்துகாட்டிய பிறகே அனுப்புங்கள். நகரமுடியாதவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதையும் அவரே செய்துகாட்ட வேண்டும்.

தொண்டைக் கரகரப்புக்கு முதலில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பிறகும் இருந்தால் சுரப்பைக் குறைக்கும் கிளைக்கோபைரோலேட் அதே ஊசியில். ஆழமாக உறிஞ்சும் குழாய் வேண்டாம். மூச்சுத் திணறலுக்கு, முகத்திலிருந்து ஓரடிக்குள் சின்ன கைவிசிறியோ பேட்டரி ஃபேனோ, கன்னத்திலும் மேலுதட்டிலும் காற்று படும்படி ஐந்து நிமிடம். ஜன்னல் திறந்திருக்கட்டும், கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

சீட்டில் ஒரு ஃபோன் நம்பர், இரவில் எடுக்கக்கூடியது. எண் இருந்தும் யாரும் எடுக்கவில்லை என்றால் நள்ளிரவில் மறுபடி ஆம்புலன்ஸ் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார்கள், வழியிலேயே முடிந்துபோகும். அதனால் அனுப்பிய அன்று இரவு 9 மணிக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

#19 | கிராமச் செவிலியர்

நோயாளியின் ஊர்ப் பெயரை டிஸ்சார்ஜ் அன்றே எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். மறுநாள் காலை முதல் வீடாக அங்கே போய்விடுகிறோம். ஊசி போட்ட தேதி, கடைசியாக மருந்து கொடுத்த நேரம், கடைசியாக வெளிக்குப் போன நாள் மூன்றும் எழுதியிருந்தால் போதும்.

#20 | செவிலிய ஆசிரியை

அந்த மூன்றுடன் நான்காவதாக "அவர் எதற்காகக் காத்திருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்துப் படிவம் தயாரிக்கிறேன். திங்கள்கிழமைக்குள் வரைவைப் போடுகிறேன். மார்ஃபின் அளவுப் பகுதியை டாக்டர் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

#21 | புற்றுநோய் மருத்துவர்

பார்த்துவிடுகிறேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு என்று தனிக் கட்டம் வையுங்கள், அதே அட்டவணையில் கலக்க வேண்டாம்.